புளிப்புத் தீர்த்தம்

என் அக்கா வீட்டுக்காரர் வாயாலேயே வடை சுடுகிறவர். திண்டிவனத்தில் மனை புரோக்கர். பொட்டல் காட்டைக் காட்டி, "தோண்டுன எடமெல்லாம் தண்ணி" என்று கூசாமல் சொல்வார். வாங்குகிறவன் பாடு, விற்கிறவன் பாடு, எனக்கென்ன என்று இருந்துவிடுவேன். அந்தக் கல் விஷயத்தில்தான் அப்படி இருக்க முடியவில்லை.

மேற்கே மலைப்பக்கம், ஈயமும் துத்தநாகமும் கிடைக்குமா என்று தோண்டிப் பார்த்து எப்போதோ கைவிட்ட சுரங்கம் ஒன்று உண்டு. யாருக்கோ நிலம் காட்டப் போனவர், அங்கே கொட்டிக் கிடந்த கழிவிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். தேங்காய் பருமன், பித்தளை மாதிரி மினுமினுப்பு. இரும்பும் கந்தகமும் சேர்ந்து உண்டான கல் அது. ஈயச் சுரங்கத்துக் கல் என்பதால் ஈயமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். விழுப்புரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மச்சினியிடம் கேட்டால் அவர் கௌரவம் என்ன ஆவது?

"தங்கம் இல்லம்மா இது, தங்கத்துக்கே தாயி" என்றார் போனில். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

வளைகாப்பு முடிந்து அக்கா மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். அவளைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். போனால் வாசல் முழுக்கச் செருப்பு. பூஜை அறையில் தெருப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஓர் எவர்சில்வர் குண்டானில் அந்தக் கல், இரவெல்லாம் தண்ணீரில் ஊறியபடி. தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியிருந்தது. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் வருமே, அந்த வாடை.

மாமா வெற்றுடம்பும் பட்டை விபூதியுமாக நின்றார். ஆரத்தித் தட்டைச் சுற்றினார். குண்டானிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் எடுத்துத் தட்டில் விட்டார். சிவப்பாயிருந்த ஆரத்தி மஞ்சளாக மாறியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ரத்தத்த மஞ்சளாக்கிட்டா பாரு. அம்மா உள்ள குந்திக்கினு இருக்கிறா" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு, அதில் அமிலம் பட்டால் திரும்ப மஞ்சள். இந்தக் கல் தண்ணீரில் ஊறினால் அமிலம் விடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். பட்டை அடித்த மனிதருக்குத் தெரியவில்லை. சரி, கூத்து அடிக்கட்டும் என்று திரும்பினேன். அக்கா மகள் குண்டானில் டம்ளரை முக்கி எடுத்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி குடிக்கிற?"

"தீர்த்தம் சித்தி. டெய்லி காலைல ஒரு டம்ளர். நல்லா புளிப்பா இருக்குது, வாய்க்கு எதமா இருக்குது."

டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன். இது அமிலத் தண்ணி, இதில் ஈயம் கரைந்திருக்கும், ஈயம் வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அக்கா என் கையைக் கிள்ளினாள். மாமா சிரித்தார்.

"நாலு எழுத்து படிச்சிட்டா சாமி கூட பொய்யாயிடும் இவங்களுக்கு."

அங்கேயே புதிதாக ஓர் ஆரத்தி கரைத்தேன். சாமிக்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அதில் பிழிந்தேன். சிவப்பு மஞ்சளானது. இப்போது என்ன சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

"எலுமிச்சம்பழமும் அம்மனுக்கு உகந்ததுதான" என்றார் அவர், கண் கூடச் சிமிட்டாமல். "ஆமா, ஆமா" என்றது கூட்டம். முட்டாள்தனத்துக்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

அதன் பிறகு நான் வேதியியல் பேசவில்லை. பிடுங்கிய டம்ளரைக் குண்டானில் மொண்டு அவரிடம் நீட்டினேன்.

"நீங்க ஒரு வாய் குடிங்க மாமா."

"எனக்கு அல்சர் இருக்குதில்ல? புளிப்பு ஆவாது."

"ஒரே ஒரு வாய்."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? கொண்டு வந்த அன்னிக்கே நாக்குல வச்சிப் பாத்தேன், வயிறு எரிஞ்சிது. அதோட தொடறது இல்ல."

சொல்லிவிட்டுக் கற்பூரம் தேடப் போனார். என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. அவர் மகளுக்கு உறைத்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய்த் துணிப்பையோடு வந்தாள். "நான் சித்தி வீட்டுக்குப் போறேம்மா" என்றாள். இருவரும் விழுப்புரம் பஸ் ஏறினோம்.

விழுப்புரத்தில் டாக்டர் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ஈயம் இருக்கலாம் என்கிற அளவைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது, நிறுத்தியதால் இறங்கிவிடும் என்றார். குழந்தை பிறக்கிறவரை எனக்கும் அவளுக்கும் சரியான தூக்கமில்லை. தலைப்பிரசவத்தை என் வீட்டில் வைத்துப் பார்த்தோம். பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது.

மூன்றாம் நாள் மாமா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "எல்லாம் அம்மா தீர்த்தத்தோட மகிமை" என்றார். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதே பச்சைத் தண்ணீர். பேத்திக்குச் சேனை வைக்க, நாக்கில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டுமாம். நான் வாயைத் திறக்குமுன் அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்கப்பா. அப்பறம் கொழந்தயத் தூக்குங்க."

பாட்டிலைப் பார்த்தார். மூடியை இறுக்கித் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

பேத்திக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. அவர் இன்னும் அவளைத் தூக்கவில்லை.