‘எஸ்பெராபா’ கற்ற மாலைகள்

அறுபதுகளின் தொடக்கத்தில், நான் ஆசிரியையாகச் சேர்ந்த பள்ளியை ஒட்டிய கன்னியர் மடத்தில் ஸ்பெயின் நாட்டுச் சிஸ்டர் ஒருவர் இருந்தார். பள்ளி விட்டபின் அவரிடம் நான் ஸ்பானிய மொழி கற்றேன். திண்டுக்கல்லில் அவருடைய தாய்மொழியில் அவரோடு பேச என்னைவிட்டால் ஆளில்லை என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. சில மாதங்களில், பேகம்பூரிலிருந்து வரும் சக ஆசிரியை ஒருத்தி, “நானும் உக்காந்துக்கிறேனே” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் பாடம் இறந்தகாலம். ‘எஸ்பெரே’ என்றால் காத்திருந்தேன்; ஒருமுறை, அத்தோடு முடிந்தது. ‘எஸ்பெராபா’ என்பதும் காத்திருந்ததுதான். ஆனால் வழக்கமாக, முடிவைச் சொல்லாமல். இவ்வளவையும் நான் முன்பே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அவளுக்கோ அது அன்றுதான் முதல் பாடம்.

“சிஸ்டர், எங்க அத்தா மௌத்தாகி ரொம்ப வருசமாச்சு. இப்பவும், ‘தோல் மண்டியிலருந்து வருவாக, கை கழுவுவாக, அப்புறந்தான் எங்களத் தொடுவாக’ன்னுதான பேசிக்கிறோம்? ‘வந்தாக’ன்னா ஒரு நாள் கதையாப் போயிரும். அதான இது?”

சிஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டு, தந்தையை இழந்த அவள் கையைப் பற்றிக்கொண்டார். “என் அம்மா ஜன்னலோரம் காத்திருப்பார்” என்று தம் வீட்டைப் பற்றி முதன்முறையாகப் பேசினார். அவளைப் பார்த்தே பேசினார். நான் என் நோட்டை மூடிக்கொண்டேன்.

“என்ன டீச்சர், மூஞ்சி இம்புட்டு வாடிப்போச்சு?” என்றாள் திரும்பும் வழியில்.

“வெயில்.”

“பொழுது சாஞ்சப்புறமா!” என்று சிரித்தாள்.

மே விடுமுறையில் கொடைக்கானல் மடத்துக்குச் செல்லச் சிஸ்டருக்குத் துணை தேவைப்பட்டது. அவளைத்தான் அழைத்தார். அவளுடைய அண்ணன் சம்மதிக்கவில்லை. பிறகுதான் சிஸ்டர் என்னிடம் வந்தார். மிஞ்சிப்போன இடம் என்று தெரிந்தும் போனேன். மலையேறும் அத்தனை நேரமும் அவர் என்னோடு மட்டுமே பேசுவார் அல்லவா?

பேசினார். ஜன்னலோரம் காத்திருந்த தாயைப் பற்றி, அந்த ‘எஸ்பெராபா’விலேயே, நான் ஏங்கியது போலவே, நெடுநேரம். ஒரு வளைவில் பேருந்து நின்றபோது, முன்னிருக்கைக்காரரின் வாழைப்பழத்தைக் குரங்கொன்று பிடுங்கிக்கொண்டு ஓடியது. சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அவளும் நம்மோடு வந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாள்!” என்றார், ஸ்பானிய மொழியில்.

எனக்கும் அதே நினைவுதான் வந்திருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஆமாம் சிஸ்டர்” என்றேன், தமிழில்.