முகம்மது தம்பியின் மாச அட்டவணை

“மாரி மழைக்குள்ள ஊடு விக்கிறவன் மடையன். என்னட்டக் கேட்டா நான் மாசம் சொல்லித் தருவன். அந்த மாசத்துல வாங்குற ஆள் தானா வந்து வாசல்ல நிப்பான்.”

கல்முனைக்குடித் தேநீர்க் கடையில் இதைச் சொன்னபோது முகம்மது தம்பிக்கு வயது நாற்பத்தேழு. கமநல சேவை நிலையத்தில் எழுதுவினைஞர். விதைப்பு, உரம், வெட்டு என்று கோப்புகளுக்குள்ளேயே பாதி ஆயுளைக் கழித்தவர். காலில் சேறு பட்டதாக மட்டும் சாட்சியில்லை. அதுவரை ஒரு வீடும் விற்றதில்லை. நிபுணர்களுக்கு அது தடையுமில்லை. அவர் பேச்சைக் கேட்டு நல்ல மாதத்துக்குக் காத்திருந்த மச்சான் ஒருவர் இன்னும் காத்திருக்கிறார்.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஓர் அட்டவணையும் ஒட்டினார். மாசி, பங்குனி: பெரும்போக நெல் வெட்டு, விவசாயி கையில் காசு, விற்கலாம். ஆடி: நோன்பு, விற்கக் கூடாது, வயிறு காய்ந்தவனோடு பேரம் பேச முடியாது. ஆவணி: பெருநாள் முடிந்த சந்தோஷம், வெளிநாட்டில் உழைக்கும் சபுராளிகள் லீவில் வருவார்கள், விற்கலாம். மாரி மழை பெய்யும் கார்த்திகைக்கும் மார்கழிக்கும் சிவப்பு மையில் குறுக்குக் கோடு.

அந்த வருடம் நோன்பு ஆடியில் வந்தது உண்மைதான். அது வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும் என்பது இந்த ஊரில் அரை நோன்பு பிடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முகம்மது தம்பிக்கும் தெரியும். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட தாளுக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கரையில் மாப்பிள்ளை பார்க்க முன் வீடு பார்க்க வேண்டும். பெண்ணின் பேரில் ஒரு வீடு இல்லாமல் காவின் எழுதிக் கலியாணம் முடிப்பது பற்றிக் கதைப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் இல்லை. மூத்தவளுக்குக் குடியிருந்த வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, முகம்மது தம்பியும் மனைவி சித்தி லைலாவும் அதன் பின் அறைக்கு ஒதுங்கினார்கள். இளையவள் நுஸ்கியாவுக்கு அதே வளவுக்குள் எழும்பிய வீட்டுச் சுவர் யன்னல் மட்டத்தில் நின்றுவிட்டது. மேலே எழும்ப வேண்டுமானால், பாலமுனையில் வேலை பார்த்த காலத்தில் அவர் வாங்கிப் போட்ட வீட்டை விற்க வேண்டும்.

தாள் ஒட்டிப் பதின்மூன்று வருடம் கழித்து, ஓய்வு பெற்ற பின், மாசியில் விற்க ஆயத்தமானார். பார்த்தால், நோன்பு வந்து வெட்டுக் காலத்தின் மேல் ஏறிக் குந்திக்கொண்டது. விற்கவும் வேண்டும், விற்கவும் கூடாது. முகம்மது தம்பிக்குப் பிறையில் ஒரு பிழை இருப்பதாகப் பட்டது. ஆடியில், கட்டாரிலிருந்து வந்த சபுராளி ஒருவன் நல்ல விலைக்குக் கேட்டான். தாளில் ஆடி ஆகாது. “தம்பி, ஆவணிக்கு வாங்களேன்,” என்று தேநீர் கொடுத்து அனுப்பினார். ஆவணியில் அவன் கட்டாரில் இருந்தான்.

கார்த்திகை நடுவில், இளையவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் உம்மா ஆள் அனுப்பிச் சொன்னார்: தை முடியுமுன் கூரை ஏறாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்களாம். நுஸ்கியா புது யன்னலுக்கென்று தைத்து வைத்திருந்த சீலையை மடித்து உம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாளில் சித்தி லைலா புருசனுக்கு முன்னால் வந்து நின்றார்.

“இறக்காமத்து ஆதம்பாவா போடியார் நாளைக்கு ஊடு பார்க்க வாறாராம். மூத்த மருமகன் முர்ஷித் கதைச்சிட்டார்.”

“இந்த மழைக்குள்ளயா? என்ன புள்ள கதைக்காய்? மாசி வரட்டும்.”

“மாசிக்கு நோம்பு.”

“அப்ப பங்குனி.”

“பங்குனிக்குப் பெருநாள். அதுக்குப் புறகு ஆவணி எண்டுவீங்க. உங்கட மாசம் எல்லாம் முடியக்குள்ள புள்ளைக்குத் தலை நரைச்சிரும். தொறப்பு எங்க இரிக்கி?”

பாலமுனை வீட்டுத் திறப்பு அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். மறுநாள் ஓட்டோவில் அவரும் ஏறிக்கொண்டார். பேரத்தைக் குழப்புவதற்கு ஒரு நிபுணர் தேவைப்படலாம்.

பாலமுனையில் வானம் ஓட்டையாகிவிட்டது போல ஊற்றியது. பெரிய வயல்காரரான போடியார் குடையை வாசலில் சாத்திவிட்டு அறை அறையாக நடந்தார். சுவரைத் தடவினார். கதிரையில் ஏறி நின்று முகட்டைப் பார்த்தார். ஒரு மூலையில் சொட்டிய தண்ணீருக்குக் கீழே கையை நீட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முகம்மது தம்பிக்கு அந்தச் சொட்டுக்கள் தன் தலையில் விழுவது போல இருந்தது.

“போடியார், மாசில வந்து பார்த்தீங்கண்டா ஊடு பளிச்செண்டு இரிக்கும்.”

“மாசில நான் வயல் வட்டைக்குள்ள. வெட்டு மிசினுக்குப் பின்னால திரியிறதா, உங்கட ஊடு பார்க்கிறதா? அந்தக் காசும் வந்த கையோட உரக்கடைக்குப் போயிரும். சிறுபோகக் காசுல விதைச்சுப் போட்டு, மிச்சம் கையில இரிக்க நாங்க ஓய்ஞ்சு நிக்கிறது இப்பதான். ஊருல ஆனையும் எங்கட குசினிச் செவரை இடிச்சிட்டு. பொண்டாட்டி இனி அங்க இரிக்கமாட்டாவாம்.” போடியார் கதிரையிலிருந்து இறங்கினார். “வெயிலுக்க பார்த்தா எல்லா ஊடும் நல்ல ஊடுதான். மழைக்குள்ள பார்க்கணும். இதுல ஒரு இடம்தான் ஒழுகுது. வளவுல வெள்ளம் நிக்கல்ல. எனக்குப் போதும். நீங்க கமநலத்துல இருந்த ஆள் எண்டாங்க, வெட்டுக் காலம் தெரியாதா?”

“தெரியும்,” என்றார் முகம்மது தம்பி. வீடு விற்பது பற்றி அவர் ஆற்றிய உரைகளில் ஆகச் சிறியது அது. விலையைச் சித்தி லைலாவும் முர்ஷித்தும் பேசி முடித்தார்கள்.

இரண்டு கிழமை கழித்து அக்கரைப்பற்றில், உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் அறைக்குள் நனைந்த சாரனோடு உட்கார்ந்து முகம்மது தம்பி உறுதியில் ஒப்பம் வைத்தார். கூரை ஓட்டில் மழை பேய்த்தனமாக அடித்தது. பக்கத்தில் திகதியையும் எழுதுமாறு நொத்தாரிசு விரலால் காட்டினார். பேனை தாளுக்கு மேலே நின்றது. முகம்மது தம்பி மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

“இண்டைக்கு என்ன திகதி?”

“மார்கழி நாலு,” என்றார் சித்தி லைலா.

எழுதினார்.