தபால் ஆபீசில் கத்திச் சொன்ன செய்தி

சென்னையில் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தபோது எங்கள் துறைக்கு ஒரு பயிற்சிப் பத்திரிகை இருந்தது. நாலே பக்கம். நாங்களே எழுதி, நாங்களே பிழை திருத்தி, நாங்களே படிப்போம்.

விடுமுறைக்குக் கள்ளக்குறிச்சி வந்திருந்தேன். அப்போதுதான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. வழியெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றுபோனது. மூன்றாம் நாள் காலை பேராசிரியரிடமிருந்து தந்தி வந்தது. அங்கே பார்ப்பதை எழுதி, மாலை நாலு மணிக்குள் போனில் சொல்ல வேண்டுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊரில் இத்தனை நடக்க, நான் வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் அண்ணனும் கழனிக்குப் போயிருந்தார்கள். அண்ணிதான் சொன்னாள்: "சைக்கிள் சும்மாதான நிக்குது, போய்ப் பாத்துட்டு வரலாம் வா புள்ள."

"எனக்கு ஓட்டத் தெரியாதே அண்ணி."

"எனக்குத் தெரியும். நீ பின்னால குந்து."

அண்ணி எலவனாசூர்கோட்டைப் பெண். கல்யாணமாகி மூன்று வருஷம். அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தியாகதுருகம் சாலையில் விட்டாள் பாருங்கள், நான் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனேன்.

குறுக்கே புளியமரங்கள் கிடந்தன. ஒவ்வொரு மரத்திடமும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். ஒரு மரத்தின் மேல் நாலைந்து வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நோட்டைப் பார்த்ததும் ஒருவர் கேட்டார்.

"எந்தப் பேப்பருங்க?"

சொன்னேன்.

"நம்மூருக்கு வருமா?"

"வராதுங்க."

"பரவால்ல, எழுதிக்கங்க. டிகிரி முடிச்சிட்டு வேல இல்லாம குந்திக்கினு இருக்கறன். அதான் இங்க வந்து குந்தியிருக்கேன்."

எழுதிக்கொண்டேன். அவரும் நண்பர்களும் எழுந்து சைக்கிளைத் தூக்கிவிட்டார்கள்.

திரும்பி வந்து தபால் ஆபீசில் சென்னைக்கு டிரங்கால் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களால் இடம் நிரம்பியிருந்தது. மூன்றே முக்காலுக்குப் போன் மணி அடித்தது. மறுமுனையில் பேராசிரியர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டார். நான் கத்த வேண்டியதாயிற்று.

"சாலையில் ஒன்பது புளியமரங்கள்..."

"பதினொண்ணும்மா," என்றார் பின்னாலிருந்த ஒரு விவசாயி. அவருடைய கரும்பு வண்டி மூன்று நாளாக அந்தச் சாலையில்தான் நின்றிருந்தது. "அதுல ரெண்டு வேப்பமரம்."

"நாங்க எண்ணிக்கினுதான் வந்தோம்," என்று அண்ணி மல்லுக்கு நின்றாள்.

"யாரும்மா அங்க பேசறது?" என்றார் பேராசிரியர்.

"பொதுமக்கள் சார்."

"நல்லதாப் போச்சு. அவங்களையும் கேளு."

ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரும்பி, "வேற என்னங்க சொல்லணும்?" என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். போஸ்ட்மாஸ்டர் ஸ்டாம்ப் விற்பதை நிறுத்திவிட்டு, "ஒவ்வொருத்தரா சொல்லுங்கப்பா, லைன் போயிடும்," என்று வரிசைப்படுத்தினார்.

அவர்கள் சொன்னதையும் நோட்டில் எழுதியிருந்த வாலிபர் பேச்சையும் போனில் கத்தினேன். கடைசியில், கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்க வந்த கூலிக்காரம்மா ஒருவர் முன்னால் வந்தார்.

"மரத்த எண்ணிக்கினு இருக்கிறியேம்மா. மூணு நாளா கரும்பு வெட்ட யாரும் ஆளு கூப்டல. எங்க வூட்டுல ஒல வைக்கல. அது உன் பேப்பர்ல வருமா?"

எனக்கு முகம் சூடேறியது. அவர் சொன்னதைப் போனில் சொன்னேன், கூலி குறைந்துவிட்டது என்று.

"கம்மின்னு சொல்லல. கூலியே இல்லன்னு சொன்னேன்," என்று அவர் என் தோளைத் தட்டினார்.

"அவங்க பேசினபடியே சொல்லும்மா," என்றார் பேராசிரியர். அப்படியே, அந்த அம்மாவின் வாயைப் பார்த்துப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். அத்தோடு லைன் அறுந்தது.

"போய்ச் சேந்துடுச்சா?" என்று விவசாயி கேட்டார்.

"போயிடுச்சு," என்றார் போஸ்ட்மாஸ்டர், தானே அனுப்பி வைத்ததுபோல.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தான். வியர்வையோடு பெடல் மிதித்து வரும் மனைவியையும் பின்னால் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எப்பக் கத்துக்கின?"

"எங்க அம்மா வூட்டுலயே," என்றாள் அண்ணி. "நீங்க கேக்கல, நான் சொல்லல."

அவன் சைக்கிளை வாங்கி உள்ளே நிறுத்தினான்.

பஸ் ஓடத் தொடங்கியதும் சென்னை திரும்பினேன். என் செய்தி இரண்டாம் பக்கத்தில் வந்திருந்தது. மரங்களின் எண்ணிக்கை இல்லை. "சண்டை தீரலையே, அதான் எடுத்துட்டேன்," என்றார் பேராசிரியர். முதல் வரி அந்த அம்மா சொன்னது. மரத்தில் உட்கார்ந்திருந்தவர் பேச்சும் இருந்தது. கீழே பொடி எழுத்தில் என் பெயர்.

அன்று பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பப் படித்ததில் ஹாஸ்டல் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன். இறங்கி வெயிலில் நடந்தே வந்தேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.