இடுப்பு என்று சொன்ன வலி

அந்த பஸ் டிரைவர் வாய் ஓயாத மனுஷர். குறுக்கே யாராவது வந்தால் ஹார்ன் அடிக்க மாட்டார், ஜன்னலில் தலையை நீட்டி, "மகாராஜா, வழி விடுங்க!" என்பார். பத்தொன்பது வருஷமாகப் பயணிகளைச் சிரிக்க வைத்தவர், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கப்சிப். வலி வந்ததோ உட்காரும் இடத்தில். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, இடுப்பு என்று சொல்லி வைத்தார்.

பாவம், ஒரு பாவமும் அறியாத இடுப்புக்குத் தைலம், பெல்ட், ஒத்தடம் எல்லாம் நடந்தது. பத்தாம் நாள் குளிர்க்காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸை டிப்போவிலேயே விட்டுவிட்டு வந்தவரை, மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க வலிக்குது?" என்றார் அறுவை சிகிச்சை டாக்டரம்மா.

"இடுப்புங்க."

"இடுப்பு வலிக்கிறவரு நல்லா நிமிர்ந்து நிக்கிறாரு, நாற்காலியக் கண்டாதான் ஓடுறாரு! அது என்ன இடுப்பு, நீங்களே கேளுங்க டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்தார். பார்த்துவிட்டு, "வெளிய வீக்கமே இல்ல. ஆழத்துல சீழ் கட்டியிருக்கலாம். ஆசனவாய்ல விரல் விட்டுத்தான் பாக்கணும்" என்றார்.

"அடுத்த வாரம் வரேங்க."

"அதுக்குள்ள ரத்தத்துல கலந்துட்டா உயிருக்கே ஆபத்து. வெட்கமா, உயிரா?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். இத்தனை நேரம் கிண்டலடித்தவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஒருக்களித்துப் படுத்தார். வலப்பக்கம் ஓரிடத்தில் விரல் பட்டதும் அவர் போட்ட சத்தத்தில், வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

ஸ்கேனில் எலுமிச்சம்பழ அளவுக்குச் சீழ் தெரிந்தது. மாத்திரைக்கு மட்டும் மசியாது என்று, அன்று மதியமே மயக்கம் கொடுத்து, ஆசனவாய்க்குப் பக்கத்தில் கீறி வடித்தார்கள். புண்ணைத் தைக்கவில்லை. உள்ளிருந்து ஆறி வரட்டும் என்று திறந்தே விட்டார்கள்.

கண் விழித்ததும் டிரைவர் தடவித் தடவித் தேடினார். பத்து நாளாகக் குத்திய வலியைக் காணவில்லை!

"சின்னக் கீறல்தான் வலிக்குது. அந்தப் பிசாசு போயே போச்சு!" என்று அழுதுகொண்டே சிரித்தார். மனைவி, "இனிமே பொய் சொன்னா நானே கீறுவேன்" என்றாள்.

"சில பேருக்கு அந்த இடத்துல பௌத்திரம்னு புரையோடுற புண் வரும். அதனால செக்கப்புக்குக் கட்டாயம் வரணும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்தே புண் ஆறியது.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பி, டிப்போ ஓய்வறைக்குள் நுழைந்தார். "இடுப்பு எப்படிண்ணே?" என்றார்கள் அங்கிருந்தவர்கள்.

"இடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆசனவாய்ல சீழ்க்கட்டி. ஆபரேஷன்!"

அறையே அதிர்ந்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது அவர்தான்.

சிரிக்காதவர் ஒருவர்தான், அவருடைய கண்டக்டர். ஜன்னலோரம் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். நிற்பதே தொழில் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. சத்தம் அடங்கியதும் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, அந்த டாக்டரம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாங்க?"

டிரைவர் பஸ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தார். "இப்பவே வா."