முயலுக்கு மணக்காத கோட்டு

நான் வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தேன். குசினிக் கதவில் கொளுவியிருந்த தன் பள்ளிக்கூடக் கோட்டின் கையை மகள் முகர்ந்து பார்த்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு அப்பால் போனாள். தொண்ணூறுகளில், மன்னாரிலிருந்து வந்து நாங்கள் குடியிருந்த மோர்டன் வீட்டில், நானும் அப்படித்தான் முகர்ந்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

குளிர்காலத்தில் அப்பா பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரோடு முயல் பிடிக்கப் போவார். முதல்நாள் பின்னேரம் சப்பாத்துக்கு மெழுகு பூசுவார். மன்னாரில் கிழிந்த மீன்வலை பொத்திய அதே கையால் முயல் வலையையும் பொத்துவார். கோட்டை மட்டும் வீட்டுக்குள் எடுக்க விடமாட்டார். கறி மணம் பட்டால் முயல் வளையை விட்டு வெளியே வராதாம். அதனால் அது பின்வளவுக் கொடியில் காற்றாடும். முயலுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"முயலுக்கு மணக்கக்கூடாது, என்ன? கறி மணக்குதெண்டு பள்ளிக்கூடத்தில பிள்ளைக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கிறேல்லை. தெரியுமோ உங்களுக்கு?"

அப்பாவின் கை வலையில் அப்படியே நின்றது. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.

விடிய எழும்பிப் பார்த்தேன். அப்பா வேட்டைக்குப் போய்விட்டார். கொடியில் அவருடைய கோட்டு தொங்கிய இடத்தில் என் கோட்டு, உறைபனியில் விறைத்துப்போய்த் தொங்கியது. திங்கட்கிழமை அதை முகர்ந்தபோது குளிர் மட்டுமே மணத்தது.

அடுப்பை நிறுத்தினேன். மகளின் கோட்டை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.