ஏணி இப்போ யார் வீட்டில்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது. ரெஜினா. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள், ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பெஞ்ச்.

"ஏணி எங்கடீ?"

வாயில் நுரையோடு பதில் சொன்னேன். "சங்கத்து ரூம்ல."

"அங்கதான் நின்னுக்கிட்டிருக்கேன். ஜன்னல் வழியா பார்த்தா நாலு பிளாஸ்டிக் சேரும் ஒரு பல்லியும்தான் இருக்கு. நீதானே ஜாயின்ட் செகரெட்டரி? வா, வந்து கண்டுபிடிச்சுக் குடு."

ஏணிக்கு இத்தனை அவசரமா என்று கேட்பீர்கள். அவசரம்தான்.

டிசம்பர் வந்தால் ரெஜினா வீட்டு மாடியின் நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஏறும். கடையில் வாங்கியது இல்லை. அவள் அப்பா சேவியர் அங்கிள் மூங்கில் சீவி, கலர் பேப்பர் ஒட்டி, உள்ளே பல்பு வைத்துச் செய்வது. மூன்றடி அகலம். மாதத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலப் பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அது எரிந்தாக வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு மார்கழி பிறப்பதே அந்த பல்பு எரிகிற அன்றைக்குத்தான்... காலண்டர் என்ன சொன்னாலும் சரி.

இந்த வருடம்தான் கடைசி. பொங்கல் கழித்து அந்த வீட்டை இடிக்கிறார்கள். ஃப்ளாட் வரப்போகிறது. கட்டி முடிக்கும் வரை வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கப் போகிறார்கள்.

"வேளச்சேரியில ஸ்டாரை எங்க மாட்டறது, வாஷிங் மெஷின் மேலயா?" என்றாள் ரெஜினா, நான் போய்ச் சேர்ந்ததும். அப்புறம் குரலை இறக்கினாள். "ஏணி இல்லைன்னதும் அப்பா, 'சரி விடு, இந்த வருஷம் வேணாம்'னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டாரு. அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல."

எலெக்ட்ரீஷியனைக் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். அவரிடம் இருப்பது எட்டடி மடக்கு ஏணி. அங்கிள் வீட்டுக் கொக்கி இருப்பது மாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே. அது வரைக்கும் எட்டுவது எங்கள் சங்கத்து ஏணி ஒன்றுதான். பதினெட்டடி. மூங்கில். பச்சை பெயின்ட்.

அந்த ஏணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு ஆரம்பத்தில் சொத்து என்று இருந்தது அது மட்டும்தான். சங்கம் தண்ணீர் லாரிக்கு போன் செய்யும், கொசு மருந்து அடிக்கச் சொல்லி மனு கொடுக்கும், பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கும். எல்லா சங்கமும் செய்வதுதான். ஆனால் ஏணி வைத்திருந்த சங்கம் எங்களுடையது.

அப்போதெல்லாம் அந்த ஏணிக்கு வீடே கிடையாது. கடைசியாக யார் வாங்கினாரோ அவர் வீட்டில் இருக்கும். அடுத்தவருக்கு வேண்டுமென்றால் தெருவில் இறங்கி விசாரித்துக்கொண்டே போக வேண்டும். "ஏணி இப்போ யார் வீட்டில்?" — நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தெருவில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

ஒட்டடை, டேங்க், கார்த்திகை விளக்கு, சன்ஷேடில் சிக்கிய ஷட்டில் காக், எட்டாத கிளையில் காய்த்த முருங்கைக்காய்... எல்லாவற்றுக்கும் ஏணி. தேடிக்கொண்டு போகிறவர் நாலு வீட்டு வாசலில் நிற்பார். ஒரு வீட்டில் காபி, ஒரு வீட்டில் உடம்பு சரியில்லாத செய்தி, ஒரு வீட்டில் கல்யாணப் பத்திரிகை. ஏணி கிடைப்பதற்குள் தெருவின் முழு நிலவரமும் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. அதை ஒரே ஆள் தூக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

ஒரு சமயம் என் அப்பாவுக்கும் எதிர்வீட்டு சேஷாத்ரி மாமாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தைப் பற்றிய தகராறு. எட்டு மாதம் இருவரும் ஒருவரை ஒருவர் மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து மாமா வீட்டுக்கு ஏணி தேவைப்பட்டது. அது இருந்ததோ எங்கள் வீட்டில். மாமா வந்து வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார். அப்பா ஒன்றும் சொல்லாமல் போய் ஒரு முனையைத் தூக்கினார். மாமா மறு முனையை.

பதினெட்டடி இடைவெளியில் இரண்டு பேர். பேசாமலே போய்விடலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் கேட் திரும்ப வேண்டுமே? மாமா வீட்டு கேட் குறுகல். அப்பா வேறு வழியில்லாமல், "லெஃப்ட்" என்றார். மாமா, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

அவ்வளவுதான். எட்டு மாதம் முடிந்தது. நான் பின்னால் ஷட்டில் பேட்டோடு நடந்துகொண்டிருந்தேன், பார்த்தேன்.

சரி, இப்படிப்பட்ட ஏணி எப்படிக் காணாமல் போனது?

நான்தான் காரணம். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருட ஆரம்பத்தில் என்னை இணைச் செயலாளர் ஆக்கினார்கள். சங்கத்தின் வரலாற்றில் முப்பது வயதுக்குக் கீழே முதல் ஆள். சும்மா இருப்பேனா? முதல் மீட்டிங்கிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். ஏணி இனி அலையாது, பூங்கா ஓரத்துச் சங்கத்து ரூம்தான் அதன் நிரந்தர முகவரி. கூகுள் ஃபார்மில் பதிவு செய்யுங்கள், எடுங்கள், திருப்பி வையுங்கள், 'ரிட்டர்ன்ட்' என்று டிக் அடியுங்கள். டிக் அடிக்காவிட்டால் தினமும் காலை ஆறு மணிக்கு நினைவூட்டல் வரும். கைதட்டினார்கள். ஒருவர் விசில் கூட அடித்தார்.

அன்றிலிருந்து தெருவில் யாரும் யாரிடமும் ஏணியைப் பற்றிக் கேட்கவில்லை. சிஸ்டம் எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

ஞாயிறன்று ஃபார்மைத் திறந்து பார்த்தேன். கடைசியாக எடுத்தவர்: சேஷாத்ரி மாமா. ஆகஸ்ட். 'ரிட்டர்ன்ட்' — டிக். மாமாதான் இப்போது சங்கத் தலைவர். ரெஜினாவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம்.

"திருப்பி வெச்சேளா மாமா?"

"வெச்சேன்."

"ரூமுக்கு உள்ளயா?"

மாமா பேப்பரை மடித்தார். "ஏம்மா, அந்த ரூம் எத்தனை அடி?"

"பத்துக்குப் பத்து..." சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது.

"ஏணி எத்தனை அடி?"

ரெஜினா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் பல வருடங்களுக்கு உபயோகிப்பாள் என்று தெரிகிறது.

"குறுக்க வெச்சுப் பார்த்தேன், நிமிர்த்திப் பார்த்தேன், ஜன்னல் வழியா விட்டும் பார்த்தேன்" என்றார் மாமா. "போகலை. வெளிச் சுவர்ல சாத்திட்டு வந்துட்டேன்."

"அப்புறம் ஏன் மாமா டிக் அடிச்சேள்?"

"தெனம் கார்த்தால ஆறு மணிக்கு உன் மெசேஜ் வந்துண்டே இருந்தது. காபியை நிம்மதியாக் குடிக்க முடியலை. எல்லாரும் டிக் அடிச்சா, நானும் அடிச்சேன்."

எல்லாரும்! அதாவது அந்த ரூமுக்குள் ஏணி ஒரு நாள் கூடப் போனதில்லை. ஃபார்ம் போட்டேன், நினைவூட்டல் போட்டேன்... அளவு மட்டும் எடுக்கவில்லை.

பூங்கா மூலையில் குமார் அண்ணன் இஸ்திரி வண்டி. சங்கத்தில் உறுப்பினர் இல்லை. ஆனால் இருபது வருடமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அவர்தான்.

"ஏணியா? அது மழையில நனைஞ்சிக்கினு கெடந்துச்சும்மா. அந்தப் புது ஃப்ளாட் கண்ணாடிக்கார தம்பி கீதே, அதும் அது ஊட்டம்மாவும் தூக்கிக்கினு போனாங்கோ. மூணு மாசம் இருக்கும்."

"எங்ககிட்ட சொல்லக் கூடாதாண்ணே?"

"நீங்கோ எங்க கேட்டீங்கோ?"

நியாயம்தானே?

புது ஃப்ளாட் இரண்டாம் மாடி. பெல் அடித்தோம். கதவைத் திறந்தது நவீன். கண்ணாடி, கையில் கரண்டி. கோயம்புத்தூர்க்காரர். இதே தெருவில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறார். நான் அவர் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஏணி என்றதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அப்பாடா, வந்துட்டீங்களா" என்றார்.

கீழே கார் நிறுத்தும் இடத்தில், சுவரோரம், அடியில் செங்கல் வைத்து, மேலே தார்ப்பாய் போர்த்திப் படுக்க வைத்திருந்தார் எங்கள் ஏணியை. குழந்தையைத் தூங்க வைத்தது மாதிரி.

"மூங்கிலுங்க... நனைஞ்சா வீணாப் போயிருமுங்க. அதான் தூக்கிட்டு வந்துட்டோம். எங்களுக்கு அதுல ஒரு வேலையும் இல்லீங்க."

"ஃபார்ம்ல ஒரு வரி போட்டிருக்கலாமே?" என்றேன். இன்னும் புத்தி வரவில்லை பாருங்கள்.

"போடப் பார்த்தேனுங்க. உறுப்பினர் எண் கேட்டுச்சு. வாடகைக்கு இருக்கறவங்களுக்குத்தான் எண்ணே கிடையாதுங்களே. அதுக்கு மேல போக விடலை." கரண்டியைக் கை மாற்றினார். "சரி, யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு பார்த்துட்டிருந்தேன். மூணு மாசமாச்சுங்க. கூரியர்காரங்களைத் தவிர யாரும் பெல் அடிக்கலை."

ரெஜினா இந்த முறை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலே தேவலை.

முன்னால் நான், பின்னால் நவீன். நடுவில் ரெஜினா, தூக்குகிற மாதிரி நடித்துக்கொண்டு. குடையை நீட்டி வழி காட்டியபடி மாமாவும் சேர்ந்துகொண்டார். இஸ்திரி வண்டி முனையில் திரும்ப வேண்டும். பின்னாலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் லெஃப்ட்டுங்க."

எனக்குக் கை கனத்தது. ஏணியால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஜினா வீட்டு கேட்டில் ஏணியின் முனை இடித்தது. டங்கென்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் சேவியர் அங்கிள் வாசலில். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"பார்த்து, பார்த்து... கேட்டு பெயின்ட்டு போயிடும்."

"ஜனவரி முடிஞ்சா கேட்டே இருக்காதுப்பா" என்றாள் ரெஜினா. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கும் போல. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அங்கிள் கேட்டில் உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "அது வரைக்கும் நல்லா இருக்கட்டுமே" என்றார்.

நாங்கள் கேட்காமலேயே உள்ளே போய் நட்சத்திரத்தை எடுத்து வந்தார். எப்போதோ செய்து முடித்து, பேப்பர் சுற்றி, பீரோ மேல் வைத்திருந்தாராம். வேண்டாம் என்று சொன்னவர்!

ஏறினது ரெஜினா. ஏணியின் ஒரு காலை மாமா பிடித்துக்கொண்டார், இன்னொன்றை நவீன். அங்கிள் கீழே நின்று, "ரைட்ல ஒரு நூல்... இல்ல, ரொம்பப் போயிட்டே" என்று படுத்திக்கொண்டேயிருந்தார். ஒவ்வொரு வருடமும் மேலே நின்றவர். கீழேயிருந்து அது எப்படித் தெரியும் என்று இப்போதுதான் பார்க்கிறார்.

சாயங்காலம் நட்சத்திரம் எரிந்தது. கொஞ்சம் கோணல்தான். பூசைக்குக் கிளம்பிய அங்கிள், தெருமுனை போகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நவீன் கையில் ஒரு பொட்டலம் கல்கல், ரெஜினா வீட்டு கிறிஸ்துமஸ் பலகாரம். வாசலில் தயங்கினார். "நான் மெம்பர் இல்லீங்களே... அடுத்து ஏணியை யாருகிட்டக் குடுக்கணும்னு தெரியலீங்க."

"ஏணியைப் பிடிச்சாச்சோல்லியோ, அப்பறம் என்ன மெம்பர்?" என்றார் மாமா. "எங்காத்து டேங்க் அலம்பணும். நீ அந்த முனையைத் தூக்கு."

அடுத்த கமிட்டி மீட்டிங்கில் இரண்டு தீர்மானம் கொண்டுவருகிறேன். வாடகைக்கு இருப்பவர்களும் உறுப்பினர்கள். கூகுள் ஃபார்ம் ரத்து. கைதட்டல் கிடைக்குமா தெரியாது. ஆறு மணி நினைவூட்டல் நின்றதற்காகவாவது தட்டுவார்கள்.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள்: "ஏணி இப்போ யார் வீட்டில்?"

இணைச் செயலாளர் என்ற முறையில் பதில் போட்டேன்: "தெரியாது. தெருவில் இறங்கிக் கேளுங்கள்."