தனக்குத் தானே அடித்த நோட்டீஸ்

எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரைப் போல ஒரு தங்கமான மனிதரை நான் பார்த்ததில்லை. வாடகைக்கு இருக்கும் ஒரு பெண்ணைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால் வேறு யாராக இருந்தாலும் வக்கீலைத் தேடிப் போவார்கள். இவர் நேராக அந்தப் பெண்ணிடமே போய், உன்னைக் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடு என்றார். அவ்வளவு நம்பிக்கை அவள் மேல். வக்கீல் கூலி கேட்பார், இவள் கேட்க மாட்டாள் என்பதும் ஒரு சின்னக் காரணம்.

அந்தப் பெண்ணுக்குத் தெருவில் வைத்த பெயர் திருத்தக்கா. வீட்டு வாடகை வழக்குகளை விசாரிக்கும் வாடகை அலுவலகத்துக்கு எதிரே உள்ள கடையில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. அவள் கம்ப்யூட்டரில் மனு அடிப்பாள், நான் நகல் எடுப்பேன். குடியிருப்பதும் ஒரே வீடுதான். கீழே அவளும் அவள் கணவரும், மாடியில் நானும் என் மனைவியும். ஆக, காலையிலிருந்து இரவுவரை அவள் வாயில் விழுந்து எழுவதற்கென்றே பிறந்தவன் நான்.

தப்பான காகிதம் ஒன்று அவள் மேசையைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் கிடையாது. ஒருமுறை ஒருவர் தன் அப்பா இறந்துபோன அறிவிப்பை அடிக்கக் கொடுத்தார். அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே செத்துட்டாருங்க" என்றாள். அழுதுகொண்டு வந்தவர் அழுகையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். இன்னொருத்தன் அவளைப் பற்றியே மேலிடத்துக்குப் புகார் எழுதி, அடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தான். அவள் அசரவில்லை. தேதி இல்லை, எந்தப் பிரிவுக்கு என்று இல்லை, இப்படி அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும் என்று சொல்லி, எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினாள். அந்தப் புகாருக்கு விசாரணை வந்தது. அன்று நான் என் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எதிர் அலுவலகம்வரை கேட்டிருக்கும்.

வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் நான்கு வீடுகள். பதினோரு வருடமாக அவருடைய நோட்டீஸ் எல்லாம் அக்கா கையால்தான். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரே வரி எழுதிக்கொண்டு வருவார், பதினைந்து நாளில் காலி செய்யவும் என்று. அக்கா பொறுமையாகச் சொல்வாள். காரணம் எழுத வேண்டும். மூன்று மாத அவகாசம் கொடுக்க வேண்டும். தேதியும் கையெழுத்தும் வேண்டும். குடியிருப்பவர் வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சி வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அதிகாரி தூக்கிப் போட்டுவிடுவார். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் குழந்தை பாடுவதைக் கேட்பதுபோலத் தலையாட்டுவார். அவள் அடித்துக் கொடுப்பாள், அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அப்படி ஏழு குடும்பங்கள் போயிருக்கின்றன. ஒன்றுகூட எதிர்த்து நிற்க முடியவில்லை. நோட்டீசில் நகம் நுழைய இடம் இருந்தால்தானே.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சர்க்கரை வியாதி ஆறு வருடம் முன்பு அவர் கண் இரண்டையும் வாங்கிக்கொண்டது. ஆனால் அந்தக் கீழ்வீட்டுக்குள் அவர் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கட்டிலிலிருந்து ஒன்பது எட்டு வைத்தால் குளியலறை. சமையலறை வாசலில் மட்டும் தரை அரை அங்குலம் உயர்ந்திருக்கும், அங்கே காலைத் தூக்கி வைப்பார். தானே டீ போடுவார், துணி மடிப்பார், நான் படியிறங்கும் சத்தத்தை வைத்தே நேற்று வீட்டில் சண்டையா என்று கேட்பார். இரண்டு வருடம் முன்பு வெள்ளையடித்தபோது பத்து நாள் அக்காவின் தங்கை வீட்டில் இருந்தார்கள். பெரிய வீடு, நல்ல மனிதர்கள். மாமா அந்தப் பத்து நாளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாத்ரூமுக்குக் கூட்டிப் போகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். திரும்பி வந்ததும் வாசற்படியைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு அழுதுவிட்டார். அந்த வீட்டைக் காலி செய்வது என்றால் அந்த மனிதரை மறுபடி நாற்காலியில் உட்கார வைப்பது என்றுதான் அர்த்தம். அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று மதியம் வீட்டுக்காரர் வந்தார். கொஞ்சம் அசடு வழிந்தார். பிறகு தாளை நீட்டினார். கீழ்வீடு, பதினைந்து நாள், அக்காவின் பெயர்.

அக்கா இரண்டுமுறை படித்தாள். நகல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கத்துவாள், தாளைக் கிழித்து அவர் மூஞ்சியில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "காரணம் எழுதலீங்களே" என்றாள்.

"என்னம்மா போடலாம்?"

"உண்மை எதுவோ அதைப் போடணுங்க."

உண்மை என்ன என்பது எங்கள் கடைக்கே தெரியும். முந்தைய வாரம்தான் அவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து என்னிடம் நான்கு நகல் எடுத்துப் போனார். கீழ்வீட்டின் நடுச்சுவரை இடித்து ஜிம் வைக்கப் போகிறார்கள். மாமாவின் கட்டில் இருக்கும் இடத்தில் ஓட்டப் பயிற்சி இயந்திரம் ஒன்று வரைந்திருந்தது. ஜிம்காரனிடம் முன்பணமும் வாங்கியாகிவிட்டது என்று அவரே பெருமையடித்தார். வேறு கடைக்குப் போய் எடுக்கலாமே என்றால், நான் அவருக்குப் பாதி விலைக்கு எடுத்துக் கொடுப்பேன்.

வீட்டுக்காரர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தார். மகன் வந்து குடியிருக்கப் போகிறான் என்று போடச் சொன்னார். அந்த மகன் வேறு நாட்டில் சொந்த வீடு கட்டிக்கொண்டு, அப்பாவின் போனை எடுப்பதையே விட்டுவிட்டவன். அக்கா அப்படியே அடித்தாள். மூன்று மாத அவகாசம் போட்டாள். தேதி போட்டாள். சட்டம் கேட்கும் வரிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் போட்டாள். அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பெற்றுக்கொண்டேன் என்று இவளும் போட்டாள். மனசில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு அந்தத் தங்கமான மனிதர் போய்விட்டார்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? அவன் எழுதின மாதிரியே அடிச்சுக் குடுத்திருந்தா ஒரே நாள்ல தள்ளுபடி ஆகியிருக்கும். உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே" என்று கத்தினேன். மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. கேட்க வேண்டியவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தப்பாக அடிக்கக் கை வரவில்லை என்று மட்டும் சொன்னாள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. இப்படியும் ஒரு ஜென்மம்.

மாமாவிடம் அவள் ஒரு வாரம் சொல்லவில்லை. சொன்ன அன்று அவர் வீட்டைச் சுற்றிச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்ததாக என் மனைவி சொன்னாள்.

மூன்று மாதமும் அவள் வீடு தேடினாள். நான்கு வீடு பார்த்தாள், நான்கிலும் படி. காலி செய்ய மாட்டேன் என்று வாடகை அலுவலகத்தில் எதிர்ப்பு மனுவும் கொடுத்தாள், அதையும் தானே அடித்து. இடையில் வீட்டுக்காரர் கீழ்வீட்டுத் தண்ணீர்க் குழாயை அடைத்துப் பார்த்தார். வழக்கு இருக்கும்போது தண்ணீரை நிறுத்தினால் அதற்குத் தனியாக அபராதம் உண்டு என்று அக்கா நான்கு வரி எழுதி அவர் கையில் கொடுத்தாள். அன்று மாலையே தண்ணீர் வந்துவிட்டது.

விசாரணை நாளன்று நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். ஒரு சாட்சி கையெழுத்துக்காவது ஆவேனே. வாடகை அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள். நோட்டீசைப் புரட்டியவர், இவ்வளவு ஒழுங்கான நோட்டீசைப் பார்த்து ரொம்ப நாளாச்சு, எந்த வக்கீல் என்று கேட்டார். வீட்டுக்காரர் பல்லெல்லாம் தெரிய அக்காவைக் கைகாட்டினார். அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார். நோட்டீசில் இருந்த பெயரைப் பார்த்தார். மறுபடியும் அக்காவைப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

பிறகு அவர் நான்காவது வரியை உரக்கப் படித்தார். மேற்படி வீட்டில் என் மகன் மட்டுமே குறைந்தது மூன்று வருடம் குடியிருப்பான்; வேறு யாருக்கும், வேறு எந்தத் தொழிலுக்கும் விட மாட்டேன்; மீறினால் காலி செய்தவரையே என் செலவில் திரும்பக் குடிவைப்பேன்.

"இது நீங்க எழுதினதுதானே?"

வீட்டுக்காரர் அந்த வரியை அன்றுதான் முதன்முதலாகப் படித்தார். அப்படியெல்லாம் நான் சொல்லவில்லையே என்றார். சொந்தக் குடியிருப்புக்கு என்று கேட்டால் இந்த உறுதிமொழி இல்லாமல் நோட்டீசே செல்லாது, உங்கள் கையெழுத்து இதோ இருக்கிறது, இப்போது என் முன்னால் இன்னொரு கையெழுத்துப் போடுங்கள், மூன்றாம் மாதம் ஆள் அனுப்பிப் பார்க்கிறேன் என்றார் அதிகாரி. பேனாவையும் நீட்டினார். ஜிம்காரனின் முன்பணம் வீட்டுக்காரர் கண் முன்னால் வந்து ஆடியிருக்க வேண்டும். வியர்த்துக் கொட்டியது. மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். கேட்டுவிட்டுப் புது நோட்டீஸ் கொடுங்கள் என்று சொல்லி அதிகாரி காகிதக் கட்டை மூடினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் நான் குதிக்காத குறை. எல்லாம் திட்டம் போட்டுத்தானே செய்தாய், என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அக்கா அலுவலகப் படியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"திட்டமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. சட்டப்படி அந்த வரி இருக்கணும், போட்டேன். ஏழு பேருக்கும் இதே மாதிரி ஒரு வரி போட்டிருக்கேன். ஒருத்தரும் இங்க வரல. நோட்டீஸ் சரியா இருந்ததைப் பாத்து பயந்து, மூட்டையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. எதிர்த்துக் கேக்கலாம்னு நான் ஒருத்தர்கிட்டயாவது சொன்னேனா?"

அந்த ஏழு நோட்டீசுக்கும் நகல் எடுத்தவன் நான்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல், பாதி விலைக்கு.

மாமாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்துபோய் மூன்று பேருக்கும் டீ போட்டார். சர்க்கரை அதிகம். நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

இரண்டு மாதம் வீட்டுக்காரரைக் கண்ணில் காணவில்லை. மானஸ்தர், வேறு ஊருக்கே போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் காலையில் கடைக்குள் வந்து நின்றார். கையில் நாட்காட்டித் தாள். அவமானம் வேறு, ஓசி வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர். அக்காவைப் பார்க்கவும் என்னைப் பார்க்கவும் முடியாமல், சுவரைப் பார்த்துக்கொண்டே தாளை மேசையில் வைத்தார்.

எட்டிப் பார்த்தேன். மாடிவீடு. பதினைந்து நாள். என் பெயர்.

கீழே முடியவில்லை என்றால் மேலே. ஜிம்காரன் எங்கே வேண்டுமானாலும் எடை தூக்குவான் போலிருக்கிறது. என் மனைவிக்கு அது எட்டாவது மாதம். சத்தம் போடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அக்கா தாளை எடுத்து ஒருமுறை படித்தாள். காரணம் என்ன என்று கேட்பாள், மூன்று மாதம் என்று சொல்வாள், அந்த நான்காவது வரியைச் சேர்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. தாளில் இருந்த ஒற்றை வரியை அப்படியே அடித்தாள். காரணம் இல்லை, அவகாசம் இல்லை, தேதிகூட இல்லை. எடுத்து நீட்டினாள். இது செல்லாது என்று அந்தத் தெருவில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் கடைக்குள்தான் இருந்தோம்.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"நீங்க எழுதினபடியே இருக்குங்க" என்றாள் அக்கா.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் இயந்திரத்தைப் போட்டு மூன்று நகல் எடுத்தேன். பிறகு பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு, முழு விலையைக் கேட்டு வாங்கினேன்.